கஞ்சித் தொட்டியும் கார்டிசாலும்

1877-ம் வருடம் ஜனவரி மாதம். சர் ரிச்சர்ட் டெம்பிள் என்கிற வெள்ளைக்காரத் துரை சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். வைஸ்ராய் லிட்டன் பிரபு அனுப்பிவைத்த விசேஷத் தூதர் அவர். அதே ஜனவரி 1-ம் தேதிதான் டெல்லியில் பிரமாண்டமாக தர்பார் நடத்தி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்ரவர்த்தினி என்று அறிவித்து, விருந்து வைத்துக் கையலம்பியிருந்தார்கள். அங்கே விருந்து. இங்கே பஞ்சம்!

சாதாரணப் பஞ்சம் இல்லை. தாது வருஷப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. சோளம், கம்பு, கேழ்வரகு எதுவும் வீடு வந்து சேரவில்லை. இன்றைய திண்டுக்கல் மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. மலைகளுக்கு நடுவே கிடக்கிற வறண்ட சமவெளி. கிணற்றையும் வானத்தையும் நம்பி வாழ்ந்த பூமி. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 'ரயில் வந்துட்டா பஞ்சமே வராது' என்று சொன்னார்கள். ரயில் தானியத்தைக் கொண்டும் வந்தது. விலை எங்கே அதிகமோ, அங்கே அள்ளிக்கொண்டும் போனது! கையில் காசு இல்லாதவனுக்கு ரயில் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? மதுரை, திருச்சிப் பக்கத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள். போக முடியாதவர்கள் கஞ்சித் தொட்டிகளைத் தேடி நடந்தார்கள்.

டெம்பிள் துரை என்ன செய்தார்? தராசை எடுத்தார். நிவாரண முகாமில் மண் சுமக்கும், கல் உடைக்கும் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் காசு என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். பெண்களுக்கு அதற்கும் கீழே. சரித்திரத்தில் இதற்கு 'டெம்பிள் கூலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே டெம்பிள் மூன்று வருஷங்களுக்கு முன்னால், 1874-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசியை இறக்குமதி செய்து தாராளமாகக் கொடுத்தவர். உயிர்கள் பிழைத்தன. ஆனால், 'இப்படியா காசை வாரி இறைப்பது?' என்று மேலிடத்தில் திட்டு வாங்கினார். அந்தத் திட்டுக்குத்தான் சென்னை மாகாணம் வட்டியோடு பதில் சொல்ல நேர்ந்தது.

டாக்டர் கார்னிஷ் என்று ஒருவர் இருந்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர். அவர் விடவில்லை. 'சிறையில் வேலை செய்கிற கைதிக்கே இதைவிட அதிகமாகப் போடுகிறோமே! பருப்பு, காய்கறி இல்லாமல் வெறும் தானியத்தை வைத்து வெயிலில் வேலை வாங்கினால் உடம்பு என்ன ஆகும்?' என்ற ரீதியில் அறிக்கைமேல் அறிக்கையாக எழுதினார். டெம்பிள் தானியத்தை எடை போட்டார். கார்னிஷ் அதைத் தின்கிற மனிதனைப் பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம். சில மாதங்கள் கழித்து அரசு கொஞ்சம் இறங்கிவந்து, கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் பிணங்கள் விழுந்துவிட்டன. 1871-ம் வருடக் கணக்கெடுப்பில் 3 கோடியே 12 லட்சமாக இருந்த சென்னை மாகாண ஜனத்தொகை, பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டும். 1881-ல் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது!

இப்போது ஒரு ஆச்சரியமான விஷயம். தாது வருஷம் உள்பட இந்தியப் பஞ்சங்களின் சாவுக் கணக்குகளைப் பிற்காலத்தில் மக்கள்தொகை ஆய்வாளர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள். எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள், மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் பெண். அப்படியானால் அவள்தானே முதலில் விழுந்திருக்க வேண்டும்? இல்லை. பஞ்ச காலத்தில் ஆண்களின் சாவுதான் அதிக வேகத்தில் எகிறியிருந்தது. பெண்கள் அதிகம் தாக்குப்பிடித்திருந்தார்கள்.

எப்படி?

காரணங்கள் பல. பஞ்சத்தில் ஆண்கள் வேலை தேடி ஊர் ஊராக அலைந்து, காலராவில் சிக்கினார்கள். பெண்களுக்குக் காட்டுக் கீரையும் கிழங்கும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருந்தது. ஆனால், உடம்புக்குள்ளேயே ஒரு காரணம் உண்டு. கொழுப்பு!

ஆரோக்கியமான பெண்ணின் உடம்பில், அதே வயது ஆணைவிட கொழுப்பின் பங்கு கணிசமாக அதிகம். ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு இருப்பது சர்வசாதாரணம். இடுப்பு, தொடை, மார்பு என்று இயற்கை அதைப் பார்த்துப் பார்த்துச் சேமித்துவைக்கிறது. கர்ப்பத்துக்காக, தாய்ப்பாலுக்காக. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. பத்துக் கிலோ என்றால் 77,000. ஒரு நாளைக்கு 1,500 கலோரி செலவு என்று வைத்தால், கிட்டத்தட்ட ஐம்பது நாளைக்கான சாப்பாடு! முழுவதையும் உடம்பு எரித்துவிடாது என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கு புரிகிறதல்லவா? வீட்டுக் குதிர் காலியானபோது, உடம்புக்குள் இருந்த குதிர்தான் நம் கொள்ளுப்பாட்டிகளைக் காப்பாற்றியது. இன்று நாமெல்லாம் இருக்கிறோம் என்றால், அந்தக் கொழுப்புக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் ஏன் இன்று அதே கொழுப்பைப் பார்த்து டாக்டர்கள் பயப்படுகிறார்கள்?

*

1936-க்கு வருவோம். அந்த வருடம் உலகத்தின் இரண்டு மூலைகளில் சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில். ஹான்ஸ் செல்யே என்ற இளம் விஞ்ஞானி புதிதாக ஒரு பெண் ஹார்மோனைக் கண்டுபிடித்துவிடும் ஆசையில், சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி வீங்கியது. 'கண்டுபிடித்தாயிற்று!' என்று துள்ளினார். பிறகு சந்தேகம் வந்து வேறு எதையெதையோ ஊசி போட்டார். குளிரில் வைத்தார். ஓயாமல் ஓடவிட்டார். எதைச் செய்தாலும் அதே விளைவு! அப்போதுதான் பொறி தட்டியது. புது ஹார்மோன் எதுவும் இல்லை. எலி படாதபாடு படுகிறது. கஷ்டம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது! இதை 1936 ஜூலையில் 'நேச்சர்' பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதமாக எழுதினார். பின்னாளில் அதற்கு இன்ஜினீயர்களிடமிருந்து ஒரு வார்த்தையை எடுத்து வைத்தார். 'ஸ்ட்ரெஸ்'. இன்று எல்.கே.ஜி. பையன்கூட 'ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு' என்கிறான்!

(ஒரு கொசுறு: பிற்காலத்தில் இதே செல்யே, அமெரிக்க சிகரெட் கம்பெனிகளிடம் ஆராய்ச்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு, புகைபிடிப்பது மன இறுக்கத்துக்கு நல்லது என்கிற தொனியில் பேசியதும் வெளியே வந்தது. புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர்போன திண்டுக்கல்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.)

இரண்டாவது விஷயம், டெல்லியில். லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர் பட்டம் வாங்கினார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பெயர் சௌந்தரம். டி.வி.எஸ். நிறுவனர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். சிறு வயதிலேயே கல்யாணம். 1925-ல் பிளேக் நோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தார். 'மூலையில் உட்கார்' என்று ஊர் சொன்ன காலத்தில் படிக்கக் கிளம்பியவர். பிறகு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-ல் சின்னாளப்பட்டி பக்கத்தில் ஆரம்பித்ததுதான் காந்திகிராமம். கஸ்தூரிபா மருத்துவமனை அதில் பிறந்தது. ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளின் எம்.எல்.ஏ-வாகவும், 1962-ல் திண்டுக்கல் எம்.பி-யாகவும், மத்தியத் துணை மந்திரியாகவும் இருந்தார் சௌந்தரம்.

அவர் காலத்து மருத்துவமனை வரிசையில் நின்ற பெண்களை நினைத்துப் பாருங்கள். வரிசையாகப் பிரசவம். ரத்தசோகை. ஒட்டிய கன்னம். அன்றைய பிரச்னை போதாத சோறு. ஐம்பதுகளின் கடைசியில் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமம் தொடங்கிய கிராம சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளும் தமிழ்நாட்டின் பழக்கத்துக்கு அங்கேயும் ஒரு விதை விழுந்தது.

இன்று? 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 30.9 சதவிகிதம். ஐந்தாறு வருஷத்தில் பத்து சதவிகிதம் எகிறியிருக்கிறது! சரி, சாப்பாடு கூடிவிட்டது, சத்தும் கூடியிருக்கும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அதே ஆய்வில் ரத்தசோகை உள்ள பெண்கள் 53.4 சதவிகிதம். ஒரே உடம்பில் எடையும் கூடுதலாக, ரத்தமும் குறைவாக இருக்க முடியும். இடுப்பில் டயர், கண்ணிமையில் வெளுப்பு.

*

இதை 'சோறு கூடிப்போச்சு, வேலை குறைஞ்சுபோச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் உண்மை இருக்கிறது. கம்பும் சோளமும் போய் தீட்டிய வெள்ளை அரிசி வந்தது. உரல், அம்மி போய் கிரைண்டர், மிக்ஸி வந்தது. பாமாயில் வந்தது. வயது, பரம்பரை, தைராய்டு எல்லாம் உண்டு. ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகிற ஒரு பெயர் உண்டு. செல்யேவின் எலிகளிடம் வீங்கிய அந்த அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால்.

கார்டிசால் வில்லன் இல்லை. அது இல்லாவிட்டால் உயிரே போய்விடும். புலி துரத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அட்ரினலின் பாய்கிறது. பசி சட்டென்று அடைபட்டுவிடும். யாராவது புலிக்கு முன்னால் நின்றுகொண்டு வடை தின்பார்களா? பிறகு மெதுவாகக் கார்டிசால் வருகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ஆபத்து முடிந்தபின், 'ஓடியதில் செலவானதை நிரப்பு' என்று பசியைத் தூண்டுகிறது. புலி போய்விட்டால் எல்லாம் சரி. புலி போகவே இல்லையென்றால்? மாமியாராக, வட்டிக்காரராக, மேஸ்திரியாக, மகனின் பிளஸ் டூ ரிசல்ட்டாக வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால்? ஓட்டம் இல்லை. ஆனால் 'நிரப்பு, நிரப்பு' என்ற உத்தரவு மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

நிரப்புவது எங்கே? அங்கேதான் சூட்சுமம்.

1912-ல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார். 23 வயதுப் பெண். முகமும் வயிறும் ஊதியிருக்கின்றன. மாதவிடாய் நின்றுவிட்டது. இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான். உடம்பில் கார்டிசால் அளவுக்கு மீறிப் போனால், கை கால் மெலிந்து, கொழுப்பெல்லாம் நடுவயிற்றில் குவிந்துவிடுகிறது. வயிற்றுக்குள், குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்புச் செல்களில் கார்டிசாலை வரவேற்கும் வாசல்கள் அதிகம் என்பது பிறகு தெரிந்தது. ஸ்ட்ரெஸ் எல்லோருக்கும் குஷிங் நோயைக் கொடுத்துவிடாது. ஆனால் திசை அதேதான்.

1947-ல் - காந்திகிராமம் பிறந்த அதே வருடம் - பிரான்ஸின் மார்செய் நகரத்து டாக்டர் ஜான் வாக் இன்னொன்றைக் கவனித்தார். குண்டு என்பதில் இரண்டு ரகம் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே, தொடையில் சேர்வது ஒன்று. வயிற்றில் சேர்வது மற்றொன்று. சர்க்கரை நோயும் இதய நோயும் தேடி வருவது இரண்டாவது ரகத்தைத்தான்! பஞ்சத்தில் காப்பாற்றும் கொழுப்பு வேறு, பிஞ்சு வயதிலேயே சர்க்கரையைக் கொண்டுவரும் கொழுப்பு வேறு. பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜென் ஹார்மோன் இருக்கும்வரை கொழுப்பை அது தொடைப் பக்கமே தள்ளப் பார்க்கும். மாதவிடாய் நிற்கும் வயதில் அந்தக் காவல் போய்விடுகிறது. கார்டிசால் பாட்டுக்குத் தன் வேலையை நடத்துகிறது.

2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலிசா எபெல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 59 பெண்களை அழைத்தார்கள். பாதிப் பேருக்கு வயிற்றில் கொழுப்பு. மீதிப் பேருக்கு இடுப்பில். ஆய்வுக்கூடத்தில் கடினமான கணக்கு, மேடைப் பேச்சு போன்ற சோதனைகளைக் கொடுத்து, எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள். வயிற்றுக் கொழுப்பு உள்ளவர்களுக்குக் கார்டிசால் அதிகமாகச் சுரந்தது. அதிலும் ஒரு திருப்பம். ஒல்லியான உடம்பு, ஆனால் தொப்பை மட்டும் இருக்கிறது என்ற பெண்களுக்கு, அதே சோதனையை மறுபடி மறுபடி செய்தபோதும் பழகவே இல்லை. மற்றவர்களுக்கு, 'அட, நேத்து செஞ்சதுதானே' என்று உடம்பு அமைதியாகிவிட்டது. இவர்களுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்! அதே பெண்களுக்குச் சோதனை முடிந்ததும் தின்பண்டங்களை வைத்தார்கள். கார்டிசால் அதிகம் சுரந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். குறிப்பாக, இனிப்பு.

ஏன் இனிப்பு? 2003-ல் கலிஃபோர்னியாவில் மேரி டால்மன் என்ற விஞ்ஞானி எலிகளை வைத்து அதற்கும் பதில் சொன்னார். சர்க்கரையும் கொழுப்பும் தின்ற எலிகளின் மூளையில் ஸ்ட்ரெஸ் மணி அடிப்பது குறைந்தது. அதாவது, மனசு சரியில்லாதபோது ரெண்டு மைசூர்பாகு சாப்பிட்டால் ஆறுதலாக இருக்கிறது என்பது கற்பனை இல்லை. உடம்பு தானே கண்டுபிடித்த மருந்து! என்ன, அந்த மருந்தின் பில் இடுப்பில் வந்து சேர்கிறது.

கஷ்டம் வந்தால் எல்லோரும் அதிகம் சாப்பிடுவார்களா என்றால், இல்லை. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பேர் அதிகம் சாப்பிடுகிறார்கள். ஐந்தில் இரண்டு பேருக்குச் சோறே இறங்காது. மிச்சம் ஒருத்தர் எப்போதும் போல. ஆனால் சாப்பாட்டின் அளவு மட்டுமே கதை இல்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 58 பெண்களுக்கு 930 கலோரி உள்ள ஒரே மாதிரி சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளிவந்தது முடிவு. முந்தின நாள் வீட்டிலோ வேலையிலோ சண்டை, கவலை என்று இருந்தவர்கள், நிம்மதியாக இருந்தவர்களைவிட அடுத்த ஏழு மணி நேரத்தில் 104 கலோரி குறைவாக எரித்தார்கள்! ஒரே தட்டு. ஒரே சோறு. ஆனால், நேற்று அழுதவள் உடம்பில் அது வேறு மாதிரி உட்காருகிறது. இது தினசரி நடந்தால் வருஷத்துக்கு ஐந்து கிலோ வரை ஏறலாம் என்று கணக்குப் போட்டார்கள்.

*

மறுபடி திண்டுக்கல்லுக்கு வருவோம்.

வேடசந்தூர் பக்கம் போனால் நூற்பு மில்கள் வரிசையாக நிற்கும். தொழிற்சாலைச் சட்டத்தின்படி 1948-லிருந்து இரவு 7 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க முடியாது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தடை பெண்களின் சம உரிமைக்கு எதிரானது என்று சொல்லி அந்தப் பிரிவை ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து என நிபந்தனைகளும் போட்டது. சம உரிமை சரிதான். ஆனால் மில்லில் நைட் ஷிஃப்ட் வந்தபோது உரிமை முன்னால் வந்ததா, உற்பத்தி முன்னால் வந்ததா என்பது வேறு கேள்வி. அந்த வருஷங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் பதினெட்டு வயதுகூட நிரம்பாத பெண்கள்வரை மில் ஹாஸ்டலில் தங்கி, மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று அழைத்துப் போகப்பட்டார்கள். பிறகு எதிர்ப்பு கிளம்பியது, வழக்குகள் வந்தன, ஆய்வறிக்கைகள் வந்தன.

தூக்கம் கெட்டால் என்ன ஆகும்? 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவிகிதம் குறைந்தது. 'பசிக்குது' என்று சொல்லும் கிரெலின் 28 சதவிகிதம் கூடியது. மாவும் இனிப்பும் கேட்டு நாக்கு அடம்பிடித்தது. இரண்டே ராத்திரியில் இவ்வளவு! மாசக்கணக்கில் ஷிஃப்ட் மாறி மாறிக் கண்விழிக்கிற பெண்ணுக்கு, டீயும் பன்னும் ஏன் அமிர்தமாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

மில்லுக்குப் போகாத வீட்டிலும் கதை ரொம்ப மாறவில்லை. காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டிவிட்டு, தனக்கு ஒரு காபி. பதினொரு மணிக்குப் பிள்ளை வைத்துவிட்டுப் போன அரை தோசை. 'வீணாப் போகுதே' என்று அடிச்சட்டியில் இருப்பதையும் வழித்துப் போட்டுக்கொள்வது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு. சாயங்காலம் டீயோடு முறுக்கு. ராத்திரி எல்லோரும் சாப்பிட்டபின், பத்து மணிக்குமேல் மிச்சச் சோறு. பிறகு படுக்கை. இது பெருந்தீனியா? இல்லை. வீட்டில் இருக்கிற குப்பைத்தொட்டியும் கடைசிப் பந்தியும் ஒரே ஆளாக இருப்பது! தாது வருஷத்தில் கடைசியாகச் சாப்பிட்ட அதே பெண்தான். அன்று கடைசிப் பந்தியில் சோறு இருக்காது. இன்று கடைசிப் பந்தியில் சோறு மட்டும்தான் இருக்கும். காயும் முட்டையும் குழம்பில் இருந்த மீனும் முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடுகிறது. எடையும் ரத்தசோகையும் ஒரே உடம்பில் எப்படிக் குடியேறின என்பதற்கு இங்கேயும் ஒரு பதில் இருக்கிறது.

பழைய பஞ்சத்துக்கும் இன்றைய தொப்பைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டா? தாது வருஷத்திலிருந்து இன்றுவரை ஒரு கோடு போட்டு யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் ஹாலந்தில் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போரில், 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் உணவை மறிக்க, ஆம்ஸ்டர்டாம் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இருந்த சிசுக்கள் பிறந்து, வளர்ந்து, ஐம்பது வயதானபோது பரிசோதித்தார்கள். ஆண்களிடம் வித்தியாசம் இல்லை. பெண்கள் மட்டும் எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடியவர்களாக இருந்தார்கள்! அம்மாவின் பட்டினியை மகளின் இடுப்பு ஞாபகம் வைத்திருந்தது.

நம் ஊரில் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் பச்சைக் குழந்தைகளை அளந்தார். இங்கிலாந்துக் குழந்தை சராசரி 3.5 கிலோ. புனே கிராமத்துக் குழந்தை 2.7 கிலோ. ஆனால் நம் குழந்தையின் எடையில் தசை குறைவு, கொழுப்பு அதற்கேற்றபடி குறையவில்லை. 2004-ல் அவரும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் யூட்கினும் தங்களையே பரிசோதித்துப் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. உடம்புக் கொழுப்பு? ஆங்கிலேயருக்கு 9.1 சதவிகிதம். நம்மவருக்கு 21.2! அதனால்தான் இந்தியர்களுக்கு அந்தக் கணக்கில் 25 இல்லை, 23-லேயே உஷாராக வேண்டும் என்றும், பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90 சென்டிமீட்டர் என்றும் எல்லை வகுத்திருக்கிறார்கள். எடை மெஷினைவிட டெய்லரின் அளவு டேப் நம் விஷயத்தில் நேர்மையானது.

*

சரி, இதற்கெல்லாம் நாம் வைத்திருக்கும் மருந்து என்ன?

'வாயைக் கட்டு. ராத்திரி ரெண்டு சப்பாத்தி. சோறு ஒரு கரண்டி.'

இதைச் சொல்லாத சொந்தக்காரர் உண்டா? கல்யாண வீட்டில் பார்த்தவுடனே, 'என்னடி இப்படி ஊதிட்டே?' ஏற்கெனவே புலியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இன்னொரு புலி! அந்தச் சொல்லே கார்டிசாலை ஏற்றும். பட்டினி கிடந்தால் உடம்பு அதையும் ஒரு தாது வருஷமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கொடுத்ததைச் சிக்கனமாக எரிக்கும். கிடைத்ததும் பாய்ந்து சேமிக்கும்.

சோற்றின் அளவு முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நடப்பதும் கறிகாயும் பருப்பும் அவசியம்தான். ஆனால், அவள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், யாருக்குப் பயந்துகொண்டு வேலை பார்க்கிறாள் என்று கேட்காமல், சப்பாத்தியை மட்டும் எண்ணுவது டெம்பிள் துரையின் தராசுதான்! அவர் ஒரு பவுண்டு தானியத்தைப் பார்த்தார். கல் உடைக்கிற கையைப் பார்க்கவில்லை.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆடைத் தொழிற்சாலைப் பெண் தொழிலாளி, தன் சூப்பர்வைசரால் கொல்லப்பட்டார். ஊர் கொதித்தது. அதன் விளைவாக, 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், நிர்வாகத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டது. துணி வாங்கும் எச் அண்ட் எம் மாதிரி வெளிநாட்டு கம்பெனிகளும் கையெழுத்திட்டன. உலகத் தொழிலாளர் வட்டாரத்தில் அதன் பெயரே 'திண்டுக்கல் ஒப்பந்தம்'. பாலியல் தொல்லை, சாதியைச் சொல்லித் திட்டுவது இவற்றை வேலை பார்க்கும் பெண்களே கண்காணித்துப் புகார் செய்யவும், பழிவாங்கப்படாமல் இருக்கவும் அதில் வழி செய்தார்கள். இதை யாரும் உடம்பு இளைக்கும் திட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால், தினமும் எட்டு மணி நேரம் ஒரு பெண்ணின் அட்ரினல் சுரப்பிக்கு ஓய்வு கொடுக்கும் எந்த ஏற்பாடும், அவள் இடுப்புக்கும் இதயத்துக்கும் செய்யும் வைத்தியம்தான்.

வீட்டில் ஒப்பந்தம் தேவையில்லை. ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருவோம், அவரவர் தட்டை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வோம் என்று முடிவு செய்தால் போதும். மிச்சம் விழுந்தால் அது அம்மாவின் வயிற்றுக்கு அல்ல, நாளைக்கு ஃப்ரிட்ஜுக்கு. முட்டை நாலு என்றால், அதில் ஒன்று அவளுக்கு. மில்லிலிருந்து விடியற்காலை வந்து படுக்கிறவளை ஏழு மணிக்கு எழுப்பிக் காபி கேட்காமல் இருந்தாலே பாதி வைத்தியம் ஆயிற்று.

கார்னிஷ் 1877-ல் எழுதிய அறிக்கைகளின் சாரம் ஒன்றுதான்: தட்டில் விழுவதை மட்டும் அளக்காதே, அதைச் சாப்பிடுகிறவரின் நாள் எப்படிப் போகிறது என்று பார். அரசாங்கத்துக்கு அதைப் புரியவைக்க அவருக்குச் சில மாதங்கள் பிடித்தன. நம் வீடுகளில் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. இன்று ராத்திரி கடைசியில் யார் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை பாருங்களேன்.